"ஃபுளோரைடு பாதிப்பு – ஓர் ஆய்வு" என்ற தலைப்பிலிருந்து ஆய்வு முன்மொழிவு வரை

கேள்வி இது: "தருமபுரியில் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) முடித்திருக்கிறேன். பிஎச்.டி. பதிவுக்காக கைடு பத்துப் பக்கத்தில் ஆய்வு முன்மொழிவு எழுதி வரச் சொன்னார். 'தருமபுரி மாவட்டத்தில் ஃபுளோரைடு பாதிப்பு – ஓர் ஆய்வு' என்று தலைப்பு வைத்து முன்னுரை மட்டும் ஐந்து பக்கம் எழுதிவிட்டேன். அதற்கு மேல் நகரவில்லை. எப்படித் தொடர்வது?"

சிக்கல் தலைப்பில் இருக்கிறது. "ஃபுளோரைடு பாதிப்பு" ஒரு விஷயத்தின் பெயர். அதில் கேள்வி எதுவும் இல்லை. கேள்வி இல்லாத இடத்தில் முன்னுரை எவ்வளவு வேண்டுமானாலும் நீளும், முறையியல் ஒரு பத்திகூட வராது. எத்தனை பேரிடம், எதை, எப்போது கேட்பது என்று முடிவு செய்ய உங்களிடம் அளவுகோல் இல்லை. அந்த ஐந்து பக்கத்தை அப்படியே ஒதுக்கி வையுங்கள். கடைசியில் அதிலிருந்து ஒரு பக்கம் தேறும், அது போதும்.

இந்தத் தலைப்புக்குள் குறைந்தது மூன்று ஆய்வுகள் ஒளிந்திருக்கின்றன. எந்த ஊர்க் கிணற்றில் எவ்வளவு ஃபுளோரைடு, ஏன் என்பது ஒன்று. இது நிலவியலும் வேதியியலும். கருங்கல் பாறையிலுள்ள கனிமங்கள் கரைவது, நீரின் காரத்தன்மை, கால்சியம் குறைவு என்று அது வேறு பக்கம் போகும். பல்லிலும் எலும்பிலும் என்ன ஆகிறது என்பது இரண்டாவது. அது பல் மருத்துவமும் பொதுச் சுகாதாரமும். மூன்றாவது, மக்கள் எந்தத் தண்ணீரை எதற்குப் பயன்படுத்துகிறார்கள், ஏன் என்பது. ஜப்பானிய நிதியுதவியோடு கட்டிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் பயன்பாட்டுக்கு வந்தது. காவிரித் தண்ணீர் குழாயில் வந்த பிறகும் வீட்டில் போர் (ஆழ்துளைக் கிணறு) தண்ணீரில் சோறு வடிக்கிறார்கள் என்றால் ஏன்? சமூகப் பணி படித்தவருக்கு உரிய கேள்வி இது. உங்கள் பயிற்சியால் பதில் சொல்ல முடிகிற கேள்வியை எடுங்கள். முன்மொழிவை மதிப்பிடும் குழுவும் முதலில் அதைத்தான் பார்க்கும்.

இரண்டாவது வகை பலரை இழுக்கும். "கூடவே பல்லையும் பார்த்துவிடலாமே" என்று ஒரு வரி சேர்ப்பார்கள். அந்த ஒரு வரியால் முன்மொழிவு கவிழும். பல்லில் வரும் கறையும் குழியும் பல் எனாமல் உருவாகும் வயதில், ஏறக்குறைய எட்டு வயதுக்குள், குடித்த தண்ணீரின் விளைவு. ஒருமுறை வந்தால் போகாது. ஆகவே 2013-க்குப் பின் நல்ல தண்ணீர் வந்ததால் பாதிப்பு குறைந்ததா என்று கேட்டுவிட்டு, 35 வயதுக்காரர்களின் பல்லைப் பார்த்தால் எதுவும் தெரியாது. அவர்கள் பல்லில் இருப்பது திட்டத்துக்கு முந்தைய தண்ணீர். திட்டம் வந்த பின் பிறந்த குழந்தைகளையும், முன்பே பிறந்து வளர்ந்தவர்களையும் பிரித்துப் பார்க்க வேண்டும். அந்த ஊருக்குக் குழாய் நீர் உண்மையில் எந்த ஆண்டு வந்தது என்று ஊர் ஊராகக் குறிக்க வேண்டும். டீன் குறியீட்டின்படி பல்லைத் தரம் பிரிக்கப் பயிற்சி பெற்ற பல் மருத்துவரும் வேண்டும். கேள்வியும் முறையும் ஒன்றையொன்று தாங்காதது என்றால் இதுதான். முன்மொழிவுகள் திரும்பி வருவதற்கு மொழிப்பிழையைவிட, பக்கக் குறைவைவிட இதுவே பெரிய காரணம் என்பது என் உறுதியான கருத்து.

சரி, மூன்றாவதை எடுப்போம். கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்: "குழாய்க் குடிநீர் இணைப்பு உள்ள குடும்பங்களில் எத்தனை விழுக்காடு இன்னும் போர் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ பயன்படுத்துகின்றன, அதற்கும் குழாய் நீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்பதற்கும் தொடர்பு உண்டா?" யாரை, எதை, எதோடு ஒப்பிட்டு என்ற மூன்றும் இதில் இருக்கின்றன. இடம் மட்டும் மிச்சம். முழு மாவட்டம் வேண்டாம், பென்னாகரம், நல்லம்பள்ளி என்று இரண்டு ஒன்றியம் போதும்.

"கிருஷ்ணகிரியையும் சேர்த்தால் கனமாக இருக்குமே" என்று தோன்றலாம். ஒப்பிட ஒரு காரணம் இருந்தால் சேருங்கள், பக்கம் நிரப்ப வேண்டாம். சேர்த்தால் இரண்டு விஷயத்தில் கவனம் தேவை. கிருஷ்ணகிரி 2004-ல்தான் தனி மாவட்டமானது. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் "தருமபுரி மாவட்டம்" என்று வரும் எண்ணுக்குள் இன்றைய கிருஷ்ணகிரியும் அடக்கம். அதை அப்படியே 2011-ன் 15,06,843 என்ற தருமபுரி மக்கள்தொகையோடு வைத்து "மக்கள்தொகை சரிந்துள்ளது" என்று எழுதினால் முதல் பக்கத்திலேயே நம்பகத்தன்மை போய்விடும். இன்னொன்று மொழி. ஓசூர், தளி, வேப்பனப்பள்ளி பக்கம் தெலுங்கும் கன்னடமும் வீட்டு மொழி. தமிழ் வினாப்பட்டியலை வைத்துக்கொண்டு களத்தில் நின்றபடி வாய்க்கு வந்தபடி மொழிபெயர்த்துக் கேட்டால், ஒவ்வொரு வீட்டிலும் வேறு கேள்வி கேட்டதாகிவிடும். தெலுங்கு, கன்னடப் படிகளை முன்கூட்டியே தயாரித்து, இன்னொருவரைக் கொண்டு தமிழுக்குத் திரும்ப மொழிபெயர்த்து, பொருள் மாறவில்லை என்று பார்க்க வேண்டும். அதற்கான நேரமும் செலவும் திட்டத்தில் இருக்க வேண்டும்.

அடுத்து, முன்னாய்வு மதிப்பீடு. பாதிப் பேர் இங்கே "அவர் இவ்வாறு கூறுகிறார், இவர் இவ்வாறு கூறுகிறார்" என்று வரிசையாகச் சுருக்கம் எழுதிக்கொண்டே போவார்கள். சுருக்கத் தொகுப்புக்கு மதிப்பில்லை. ஒரு தாளில் ஐந்து கட்டம் போடுங்கள்: ஆண்டு, இடம், என்ன கேட்டார்கள், எப்படி அளந்தார்கள், எதை விட்டார்கள். முப்பது நாற்பது கட்டுரைகளை அதில் நிரப்புங்கள். ஐந்தாவது கட்டத்தை மேலிருந்து கீழே படித்தால் ஆய்வு இடைவெளி தானே தெரியும். இந்திய ஆய்வேடுகளுக்கு ஷோத்கங்கா என்ற இணையக் களஞ்சியம் இருக்கிறது. அதைவிட உங்களுக்கு இப்போது பயன்படுவது ஷோத்கங்கோத்ரி. பல்கலைக்கழகங்கள் ஏற்றுக்கொண்ட ஆய்வுச் சுருக்கங்கள் அங்கே கிடைக்கின்றன. உங்கள் துறையில் நான்கைந்தை எடுத்து, முறையியல் பகுதியை மட்டும் படித்துப் பாருங்கள்.

"தருமபுரியில் இதுவரை யாரும் இந்த ஆய்வைச் செய்யவில்லை" என்ற வாக்கியத்தை மட்டும் இடைவெளியாகக் காட்டாதீர்கள். ஊர் மாறினால் மட்டும் புது அறிவு வந்துவிடாது. பதிலாக இப்படி எழுதலாம்: "இப்பகுதி ஆய்வுகள் பெரும்பாலும் நீரில் ஃபுளோரைடு எவ்வளவு என்று அளந்துள்ளன. மாற்றுக் குடிநீர் வந்த பிறகு வீட்டுக்குள் நீரின் பயன்பாடு எப்படிப் பிரிகிறது என்பதை அவை அளக்கவில்லை." உங்கள் கட்டங்கள் இதை மெய்ப்பித்தால் மட்டுமே எழுத வேண்டும்.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகளைக் கொண்டு மேற்கோள் பட்டியல் தயாரிப்பவர்கள், ஒவ்வொரு கட்டுரையும் உண்மையில் இருக்கிறதா என்று திறந்து பார்த்தே ஆக வேண்டும். இல்லாத கட்டுரைக்கு இருக்கிற ஆசிரியர் பெயரைப் போட்டு அவை தந்துவிடும். இன்னொரு பக்கம், எழுத்துத் திருட்டு பற்றிய யு.ஜி.சி.யின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிகளின்படி பிறர் எழுத்தோடு ஒற்றுமை 10 விழுக்காட்டைத் தாண்டினால் அடுத்தடுத்த நிலைகளில் நடவடிக்கை உண்டு. முன்மொழிவிலேயே சொந்த வாக்கியத்தில் எழுதிப் பழகிவிட்டால் ஆய்வேட்டில் இந்தத் தொல்லை வராது.

நோக்கங்கள் மூன்று, மிஞ்சினால் நான்கு. வினைச்சொல்லைப் பாருங்கள். "அளவிடுதல்", "ஒப்பிடுதல்", "தொடர்பைக் கண்டறிதல்" இவையெல்லாம் ஆய்வு. "விழிப்புணர்வு ஏற்படுத்துதல்", "அரசுக்கு ஆலோசனை வழங்குதல்" நல்ல காரியங்கள்தான், ஆனால் ஆய்வு நோக்கங்கள் ஆகா. விழிப்புணர்வு ஏற்பட்டதா என்று எதைக் கொண்டு அளப்பீர்கள் என்று கேட்டால் பதில் இருக்காது. சமூக அறிவியல் முன்மொழிவுகளில் நான்காவது நோக்கமாக இது வராத தாளே அரிது. துணிந்து நீக்குங்கள்.

இப்போது முறையியல். பத்துப் பக்கத்தில் நான்கு பக்கம் இதற்கே போகட்டும். முதலில் எழுத வேண்டியதும் இதுதான்.

மாதிரி அளவைப் பலர் "300 பேர் எடுத்துக்கொள்ளப்படும்" என்று ஒரே வரியில் முடிக்கிறார்கள். ஏன் 300 என்றால் மௌனம். கணக்கைக் காட்டுங்கள். முன்னோட்ட ஆய்வில் சுமார் 30 விழுக்காடு வீடுகள் போர் தண்ணீரைப் பயன்படுத்துவதாகத் தெரிந்தது என்று வைத்துக்கொள்வோம் (இது கணக்குக்காக எடுத்த எண்). உண்மை அளவு 5 விழுக்காடு கூடவோ குறையவோ இருக்கலாம் என்று ஏற்கிறோம், 95 விழுக்காடு நம்பிக்கை வேண்டும். 95 விழுக்காடு நம்பிக்கைக்கு உரிய எண் 1.96, அதன் வர்க்கம் 3.84. அதை 0.30-ஆலும் 0.70-ஆலும் பெருக்கி, 0.05-ன் வர்க்கமான 0.0025-ஆல் வகுத்தால் 323 வீடுகள். இது இரண்டு ஒன்றியத்திலும் வீடுகளைச் சீட்டுக் குலுக்கிப் பொறுக்கினால் போதுமான அளவு. நீங்கள் அப்படிப் பொறுக்கப் போவதில்லை, ஊர்களைத் தேர்ந்து அங்கே வீடுகளை எடுக்கப் போகிறீர்கள். ஒரே ஊரில் எல்லாருக்கும் ஒரே மேல்நிலைத் தொட்டித் தண்ணீர். அதனால் பதில்களும் ஒன்றுபோல இருக்கும். அதைச் சரிக்கட்ட 1.5-ஆல் (இதுவும் கணக்குக்காக எடுத்த எண்) பெருக்கினால் 485. வீடு பூட்டியிருப்பது, மறுப்பது என்று 10 விழுக்காடு போகும் என்று 0.9-ஆல் வகுத்தால் 539. முப்பது ஊர், ஊருக்கு 18 வீடு, மொத்தம் 540. இந்த ஒரு பத்தி இருந்தாலே, யோசித்து எழுதியவர் என்று குழுவுக்குத் தெரியும்.

ஊர்களை எப்படித் தேர்வது, வீட்டுப் பட்டியல் எங்கே கிடைக்கும் என்பதையும் எழுதுங்கள். 2011 கணக்கெடுப்பு பழையதாகிவிட்டது. ஊராட்சியின் வீட்டு வரிப் பதிவேடு, அங்கன்வாடி பணியாளரின் குடும்பப் பதிவேடு இரண்டையும் ஒத்துப் பார்த்துப் பட்டியல் தயாரிக்கலாம். தேர்ந்தெடுத்த வீடு பூட்டியிருந்தால்? இந்தப் பக்கத்தில் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகும் குடும்பங்கள் நிறைய. பக்கத்து வீட்டைச் சேர்த்துக்கொண்டால், வேலைக்குப் போகிறவர்கள் எல்லாம் ஆய்விலிருந்து விழுந்து, வீட்டில் இருப்பவர்களின் ஆய்வாக மாறிவிடும். வெவ்வேறு நாள், வெவ்வேறு நேரம், மூன்று முறை போய்ப் பார்ப்பது, அதன்பின் "பதிலில்லை" என்று குறிப்பது, மாற்று வீடு எடுப்பதில்லை என்று விதி எழுதுங்கள். அந்த 10 விழுக்காடு இதற்குத்தான்.

கேள்விகளைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். "நீங்கள் ஃபுளோரைடு உள்ள தண்ணீரைப் பயன்படுத்துகிறீர்களா?" என்று கேட்டால் பயனில்லை. ஃபுளோரைடுக்கு நிறமோ மணமோ இல்லை, இந்த அளவுகளில் சுவையும் தெரியாது. மக்கள் "உப்புத் தண்ணி" என்று சொல்வது வேறு விஷயம். "எந்தத் தண்ணீர் குடிக்கிறீர்கள்?" என்று கேட்டாலும், வந்தவர் எதிர்பார்க்கிற பதில் இதுதான் என்று ஊகித்து "ஒகேனக்கல் தண்ணிதான்" என்பார்கள். நேற்றைய நாளைப் பிடியுங்கள். நேற்றுச் சோறு எந்தத் தண்ணீரில் வெந்தது? குழம்புக்கு? டீக்கு? குடிக்க வைத்த குடத்தை யார், எங்கிருந்து எடுத்துவந்தார்? குழாயில் கடைசியாக எப்போது தண்ணீர் வந்தது? காட்டு வேலைக்குப் போகும்போது பாட்டிலில் எதை நிரப்பினார்? கேன் தண்ணீர் வாங்குகிறார்களா? குடிநீரையும் சமையல் நீரையும் தனித்தனியே கேட்காத வினாப்பட்டியல் இந்த ஆய்வுக்கு உதவாது. கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது, நீர் வற்ற வற்ற அடர்த்தி கூடத்தான் செய்யும்.

வாய்ச் சொல்லைச் சரிபார்க்க ஓர் அளவீடும் வையுங்கள். ஐந்து வீட்டுக்கு ஒரு வீடு என்று 108 வீடுகளில் குடிநீர்க் குடத்திலிருந்தும் சமையல் பாத்திரத்திலிருந்தும் மாதிரி எடுத்து ஆய்வகத்தில் கொடுக்கலாம். கண்ணாடிக் குப்பியில் எடுக்காதீர்கள், ஃபுளோரைடு கண்ணாடியோடு வினைபுரியும். பாலித்தீன் குப்பி வேண்டும். ஒப்பிடுவதற்கு இந்தியத் தர நிர்ணயம் இருக்கிறது: லிட்டருக்கு 1.0 மில்லிகிராம் ஏற்கத்தக்கது, வேறு நீர் இல்லாத நிலையில் 1.5 வரை. எந்த முறையில் அளப்பது (அயனி மின்முனையா, ஸ்பாட்ன்ஸ் முறையா) என்று ஆய்வகத்தைக் கேட்டு எழுதுங்கள். ஒரு கண்ணி இருக்கிறது: மேல்நிலைத் தொட்டியிலேயே காவிரி நீரோடு உள்ளூர் போர் நீரைக் கலந்து விடும் ஊர்கள் இருக்கலாம். அங்கே குழாய் நீரைக் குடிப்பவர் உண்மையைத்தான் சொல்வார், குப்பி வேறு சொல்லும். தொட்டி ஆபரேட்டரிடம் கேட்டு, தொட்டி நீரையும் ஒரு குப்பி எடுத்து வைத்தால் குழப்பம் தீரும்.

இங்கே ஒரு கடமையும் வருகிறது. ஒரு வீட்டுத் தண்ணீரில் 1.5-க்கு மேல் இருக்கிறது என்று தெரிந்த பிறகு, அதை அந்த வீட்டாரிடம் சொல்லாமல் ஆய்வேட்டில் மட்டும் எழுதுவது தகாது. முடிவை எத்தனை நாளில், யார் மூலம் தெரிவிப்பீர்கள் என்று முன்மொழிவிலேயே எழுதுங்கள். நெறிமுறைக் குழு இதைக் கேட்கும், கேட்காவிட்டாலும் எழுத வேண்டும். ஒப்புதல் படிவம் பேச்சுக்கு நெருங்கிய தமிழில், ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும். படிக்கத் தெரியாதவருக்குச் சாட்சி முன்னிலையில் வாசித்துக் காட்டிக் கைரேகை பெறும் முறையையும் குறிப்பிடுங்கள்.

அனுமதிகள்: ஊராட்சிகளுக்கு வட்டார வளர்ச்சி அலுவலர் வழியாக, பள்ளிக்குள் போவதென்றால் முதன்மைக் கல்வி அலுவலரிடம். காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயத்துக்குள் ஆய்வு செய்வதென்றால் தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி இல்லாமல் கால் வைக்க முடியாது. எல்லாமே வாரங்கள், சில சமயம் மாதங்கள் இழுக்கும்.

கால அட்டவணையில் பலர் ஆறு ஆறு மாதமாகச் சமமாக வெட்டிக் கட்டம் கட்டிவிடுகிறார்கள். ஊரின் காலத்தைப் பாருங்கள். ஒருவர் ஒரு நாளில் எட்டு வீடு முடித்தால் 540 வீட்டுக்கு 68 நாள். மறுபடி போவதையும் சேர்த்தால் நான்கு மாதம். மார்ச் முதல் மே வரை தண்ணீர்த் தட்டுப்பாடு. போர் நீரை நம்பும் வீடுகள் அப்போது கூடலாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை, நிலைமை மாறும். ஒரே பருவத்தில் மட்டும் கேட்டால் உங்கள் விழுக்காடு அந்தப் பருவத்தின் விழுக்காடு. 540 வீட்டையும் இருமுறை பார்க்க ஒருவரால் முடியாது. குப்பி எடுத்த அந்த 108 வீட்டை மட்டும் அடுத்த பருவத்தில் மறுபடி பாருங்கள். கிருஷ்ணகிரிப் பக்கம் மா விவசாயிகளை மே, ஜூனில் பேட்டி காணத் திட்டம் போடாதீர்கள், அறுவடையில் அவர்கள் உட்காரக்கூட மாட்டார்கள். யு.ஜி.சி.யின் 2022 விதிகளின்படி பிஎச்.டி.க்குப் பாடப்பணி (கோர்ஸ் வொர்க்) உட்படக் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் பொதுவாக ஆறு. பாடப்பணி நடக்கும் காலத்தில் களப்பணி என்று அட்டவணை போட்டால் உடனே பிடிபடும்.

பதிவுக்கான முன்மொழிவில் செலவுத் திட்டம் பெரும்பாலும் கேட்பதில்லை, நிதி கேட்கும் முன்மொழிவில் கட்டாயம். அப்போதும் மேலே சொன்ன எண்களே உதவும்: 68 நாள் பயணம், இரு பருவத்திலும் 108 வீடுகளின் குப்பிகள், மொழிபெயர்ப்பு, அச்சு. ஆய்வகக் கட்டணத்தை எழுத்தில் வாங்கி இணையுங்கள்.

தமிழ், வரலாற்றுத் துறையினரும் இதே கேள்வியைக் கேட்பதுண்டு. "தருமபுரி மாவட்ட நடுகற்கள் – ஓர் ஆய்வு" என்றாலும் நோய் ஒன்றே. எந்தக் காலத்து நடுகற்கள், கல்வெட்டு உள்ளவையா இல்லாதவையா, அவற்றில் எதைக் கேட்கப் போகிறீர்கள் என்று சுருக்கினால்தான் முறையியல் பிறக்கும். உங்களுக்கு மாதிரி அளவு வராது. எந்தக் கற்களைச் சேர்த்தீர்கள், எவற்றை விட்டீர்கள், ஏன் என்ற விதி அந்த இடத்தில் வரும்.

எல்லாம் எழுதிய பிறகு தலைப்புக்கு வாருங்கள்: "குழாய்க் குடிநீர் வந்த பின் வீடுகளில் ஆழ்துளைக் கிணற்று நீரின் பயன்பாடு: பென்னாகரம், நல்லம்பள்ளி ஒன்றியங்களில் ஓர் ஆய்வு." "ஓர் ஆய்வு" என்ற வால் இல்லாமலும் நிற்கும், ஆனால் அதைக் கேட்கும் கைடுகள் உண்டு, இருந்துவிட்டுப் போகட்டும்.

நேர்காணலில் இரண்டு கேள்வி நிச்சயம். ஏன் இந்த இரண்டு ஒன்றியம்? தொடர்பு எதுவும் இல்லை என்று முடிவு வந்தால் என்ன செய்வீர்கள்? இரண்டாவதற்கு இந்த ஆய்வில் நல்ல பதில் இருக்கிறது. குழாய் நீர் அடிக்கடி வரும் ஊரிலும் மக்கள் போர் நீரை விடவில்லை என்றால், காரணம் வரத்தில் இல்லை, ருசி, பழக்கம், நம்பிக்கை இவற்றில் தேட வேண்டும் என்பதே ஒரு கண்டுபிடிப்பு. இதை "எதிர்பார்க்கும் பயன்" பகுதியில் முன்பே எழுதிவிடுங்கள்.

கொடுப்பதற்கு முன் ஒரு தாளில் மூன்று நெடுவரிசை போட்டு, ஒவ்வொரு நோக்கத்துக்கும் எதிரே அதற்கான வினா எண்ணையும், அதைப் பகுத்தாயும் முறையையும் எழுதுங்கள். எதிரே வினா இல்லாத நோக்கத்தை வெட்டுங்கள், நோக்கம் இல்லாத வினாவையும் வெட்டுங்கள். பிறகு 540 என்ற எண் சுருக்கத்திலும், முறையியலிலும், கால அட்டவணையிலும், ஒப்புதல் கோரும் கடிதத்திலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். நடுவில் மாதிரி அளவை மாற்றியவர்கள் பெரும்பாலும் கடிதத்தில் பழைய எண்ணையே விட்டிருப்பார்கள்.